கூரைக்குப் போட்ட சோறு

மொரப்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து அரூர் ரோட்டைப் பிடித்தால் முதலில் காதில் விழுவது தகரம் தட்டும் சத்தம்தான். அப்புறம்தான் என் டீக்கடை கண்ணில் படும். சத்தம் என் கடைக்கு எதிர்வீட்டில் இருந்து வருவது. ஹயாத் பாஷா முன்னறையில் மரக்கட்டையைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். சிமினி விளக்கு, புனல், பால் அளக்கிற குவளை, கிணற்று வாளிக்கு அடித்தட்டு, எது கேட்டாலும் செய்து தருவார். பேச்சு மட்டும் வராது. அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அவர் சம்சாரம் அமீனாவே பேசிவிடுவாள்.

வீடு தீர்த்தகிரியுடையது. அவருடைய அப்பா சென்னப்பன் இருந்த காலத்தில் வாய்ச்சொல்லாக வாடகைக்குக் கொடுத்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, சமையலுக்கு ஓலைச் சார்ப்பு, கொல்லையில் ஒரு முருங்கை. மேலே நாட்டு ஓடு. சென்னப்பன் வாடகையே ஏற்றாதவர் என்று சொன்னால் அது பொய். ஏற்றினார். ஆனால் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்து, என் கடையில் டீ வரவழைத்து, விலைவாசி பற்றிப் பேசி, அமீனா வாயால் சரி என்று சொன்ன பிறகுதான் ஏற்றினார். மனிதன் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

நான் இதில் யாருக்கும் வேண்டியவன் இல்லை. என் கடை ரயில்வே இடத்தில் நிற்கிறது. என் கூரையைப் பிரிக்கவேண்டும் என்றால் மேலே எத்தனையோ பேர் கையெழுத்துப் போடவேண்டும், அதற்குள் எனக்கு வயசாகிவிடும். அதனால் மனதில் பட்டதைச் சொல்லுகிற சௌகரியம் எனக்கு உண்டு.

எங்கள் பக்கத்தில் நாட்டு ஓட்டு வீட்டுக்கு வருஷம் ஒரு முறை ஓடு மாற்றவேண்டும். மாற்றுவது என்றால் புது ஓடு போடுவது இல்லை. இருக்கிற ஓட்டையே ஒவ்வொன்றாக எடுத்து, எலி சேர்த்த குப்பையைத் தட்டிவிட்டு, உளுத்துப்போன மூங்கில் வரிச்சைக் கழற்றி வேறு கட்டி, உடைந்த இடத்தில் நல்ல ஓட்டைச் செருகி, மறுபடியும் ஒன்றைக் கவிழ்த்து ஒன்றை மல்லாத்தி அடுக்கிக்கொண்டு வருவது. வைகாசியில் செய்துவிட்டால் மழைக்குப் பயமில்லை. வாடகை வீடு என்றால் ஓடும் கூலியும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஓடு மாற்ற வருகிறவர்களுக்கு மத்தியானச் சோறு குடியிருக்கிறவர்கள் பொறுப்பு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, வழக்கம் அது. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டால் கூரையை மூடாமல் அந்த ஆட்கள் ஏணியை எடுக்கக் கூடாது. ஓர் ஆள் பிரித்த கூரையில் இன்னோர் ஆள் கை வைக்கவும் மாட்டான்.

எங்கள் ஊரில் ஓடு மாற்றுகிறவன் கருப்பண்ணன். அவன் மேலே ஏறுவான். அவன் சம்சாரம் ராமக்காள் ஏணியில் நின்று ஓட்டை வாங்குவாள். கீழே அவன் தம்பிமார் இரண்டு பேர் அடுக்குவார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே வந்தால் எங்கள் பேச்சு. அவர்களுடைய குடிசை தீர்த்தகிரி நிலத்தின் வரப்போரத்தில் இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமீனா வீட்டில் ஓடு மாற்றுகிற நாளில் கருப்பண்ணன் காலையில் என் கடைக்கு வரமாட்டான். வயிற்றில் இடம் வேண்டும் என்பான். அமீனா கேழ்வரகுக் களி கிண்டி, கருவாடு போட்டு மொச்சைக்கொட்டைக் குழம்பு வைப்பாள். அந்த வாசனைக்கு என் கடையில் வடை விற்காது.

எழுபத்தொன்றாம் வருஷம் மொரப்பூருக்கு ஒரு பேங்க் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்த மாதிரி இடம் வேண்டுமாம். பேண்ட் போட்ட ஒருத்தர் வந்து ஹயாத் பாஷா வீட்டு முகப்பை டேப் வைத்து அளந்தார், என் கடையில் டீ குடித்தார், போய்விட்டார். போகும்போது தீர்த்தகிரியை "சார்" என்று கூப்பிட்டு, விஷயத்தைச் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றார். தீர்த்தகிரி கெட்ட மனிதர் இல்லை. கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பார். ஆனால் அந்த "சார்" காதில் விழுந்ததில் இருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் முதலில் மரியாதையாகத்தான் வந்து கேட்டார். ஆடிக்குள் காலி பண்ணிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். கடைசி மாச வாடகை வேண்டாம் என்றும் சொன்னார். அமீனாவும் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். வேறு வீடு கிடைக்கட்டும், கிடைத்த அன்றைக்கே சாவியைக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றாள்.

அவள் சொன்னபடி வீடு தேடவும் செய்தாள். வெயில் தாழ்ந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புவாள், திரும்பி வந்து என் கடை ஓரத்தில் நின்று, போன இடத்தில் நடந்ததைச் சொல்லுவாள். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்காரர், நீங்கள் நல்லவர்கள்தான், ஆனால் தகரம் தட்டினால் எங்களுக்குத் தலைவலி வரும் என்றாராம். அந்த வீட்டைத் தாண்டித்தான் எல்லா ரயிலும் கூவிக்கொண்டு போகிறது. இன்னொருத்தர் கறி வாசனை ஆகாது என்றாராம். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறிக்கு வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கம்பைநல்லூரில் ஒருத்தர் எல்லாம் பேசி, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுவரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் பேரைக் கேட்டாராம். பேரைச் சொன்னதும் அவருடைய மருமகன் அந்த வீட்டுக்குக் குடிவரப்போவது ஞாபகம் வந்துவிட்டது. பேரைக் கேட்டபிறகு மருமகன் வருவது எங்கள் பக்கத்தில் சகஜம்.

தீர்த்தகிரியும் ஓர் இடம் காட்டினார். அவர் நிலத்தில் இருந்த மாட்டுக் கொட்டகை. அமீனா போய்ப் பார்த்தபோது உள்ளே மாடு கட்டியிருந்தது. நாங்கள் வந்தால் மாட்டை எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அன்றைக்கு அவள் என் கடை ஓரத்தில் நிற்கவில்லை. நேராக வீட்டு வாசலுக்குப் போய், தீர்த்தகிரி பின்னாலேயே வருவது தெரிந்து, படியில் நின்று திரும்பினாள்.

"அண்ணா, போறதுக்கு எடம் இருந்து போன்னு சொன்னா அது வூட்டக் கேக்கறது. எடம் இல்லாதவளப் போன்னா அது தொரத்தறது. நான் வாடகை ஒரு மாசம் நிறுத்தினதில்ல, உங்கப்பா பேச்ச மீறினதில்ல. இனிமே நான் வூடு தேடல. நீங்க தேடிக் குடுத்தா வந்து பாக்கறன். மனுசங்க குடியிருக்கற வூடா இருக்கணும்."

"இது என் வூடும்மா."

"உங்க வூடுதாங்க. நான் இல்லேன்னு சொல்லல. குடியிருக்கறது நாங்க."

அவ்வளவுதான் பேச்சு. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய்ச் சமையலைப் பார்த்தாள். தீர்த்தகிரி என் கடைக்கு வந்து ஒரு டீ சொல்லிவிட்டு அதைக் குடிக்காமலே போனார்.

அந்த வருஷம் வைகாசியில் ஓடு மாற்ற ஆள் வரவில்லை. அமீனா கேட்டு அனுப்பினாள். பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆனியிலும் பார்க்கலாம், ஆடியிலும் பார்க்கலாம். ஆடி மாசம் பெய்த மழையில் வீடு ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. ஹயாத் பாஷா யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், தகரத்தில் நீளநீளமாகத் தூம்பு செய்து, ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வரிச்சில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரைச் சன்னல் வழியாக வெளியே விட்டார். அடுத்த வாரம் அதே மாதிரி தூம்பு வேண்டும் என்று தெருவில் மூன்று பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் அந்த மழையில் அவர் கண்ட லாபம்.

ஐப்பசி பிறந்தது. கூடவே நோன்பு மாசமும் தொடங்கிவிட்டது. கிழக்கே வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு நாள் காலையில் பார்த்தால் கருப்பண்ணன் ஏணியும் கயிறுமாக வந்து நிற்கிறான். தீர்த்தகிரி அனுப்பினாராம், ஓடு மாற்றவேண்டுமாம். அமீனாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மனுஷன் மனசு இரங்கிவிட்டார் என்று என்னிடம் வந்து சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நோன்போடு நோன்பாக அடுப்பை மூட்டி, மொச்சையை வேகப் போட்டு, பெரிய குண்டானில் களி கிண்ட ஆரம்பித்தாள். நோன்பு வைத்தவள் உப்புப் பார்க்கக் கூடாது என்பதால் குழம்பை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு என் சம்சாரத்திடம் வந்து காட்டினாள். சரியாக இருக்கிறது என்று இவள் சொன்னாள்.

கூரை வேலையைக் கடையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக ஒரு பக்கத்துச் சரிவைப் பிரித்து, அதை மூடிவிட்டுத்தான் மறுபக்கத்தில் கை வைப்பார்கள். அன்றைக்கு இரண்டு பக்கத்தையும் பிரித்தார்கள். ஓடெல்லாம் கொல்லையில் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் ஆவதற்குள் வீட்டுக்கு மேலே கைமரமும் வரிச்சும்தான் மிச்சம். அமீனா வெளியே வந்து, ஏன் இரண்டு பக்கமும் என்று கேட்டாள். கருப்பண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் இறங்கியதும் முருங்கை மரத்தடியில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, இலை போட்டு, குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட வாங்க என்றாள். கருப்பண்ணன் வயிறு சரியில்லை என்றான். தம்பிமார் இரண்டு பேரையும் பார்த்தாள், அவர்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ராமக்காளைப் பார்த்தாள். ராமக்காள் தரையைப் பார்த்தாள். நான்கு பேருக்கும் ஒரே நாளில் வயிறு கெட்டுப்போனது.

அந்த வீட்டுக் களிக்காகக் காலை டீயையே வேண்டாம் என்கிறவன் களியை வேண்டாம் என்கிறான். அமீனாவுக்கு அதற்குமேல் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. குண்டானை மூடினாள்.

"கூரைய மூட மாட்டீங்க. அதான் சோறு எறங்கல. அப்புடித்தான கருப்பண்ணா?"

"புது ஓடு வருதுன்னு தீர்த்தகிரியண்ணன் சொன்னாருங்க. வந்ததும்..."

சொல்லிக்கொண்டே கயிற்றைத் தோளில் போட்டான். ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போனபோது எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்புறம் அந்த வரப்போரத்துக் குடிசை ஞாபகம் வந்தது. கோபம் தீர்த்தகிரி பக்கம் திரும்பியது.

சாயங்காலம் தீர்த்தகிரி வந்தார். புது ஓடு சொல்லியிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதுவரைக்கும் எங்கேயாவது போய் இருந்துகொள்ளுங்கள் என்றார். நான் போகச் சொல்லவில்லை, மழை வருமே என்றுதான் சொல்கிறேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். கூரை பிரித்த வீட்டில் யார் குடியிருப்பார்கள், தானாகப் போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு. மழை இறங்கினால் மண்சுவர் கரையும், தட்டுமுட்டுச் சாமான் போகும், பட்டறை போகும். அதற்குள் கூரை மூடவில்லை என்றால் அமீனா அந்த வீட்டை விட்டுப் போய்த்தான் ஆகவேண்டும்.

ஹயாத் பாஷா முதல் தடவையாக வாயைத் திறந்தார். தர்மபுரியில் தன் அண்ணன் நூர் பாஷா வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். நாம் போனால் தீர்த்தகிரி பூட்டிவிடுவார், அப்புறம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு எதிர்க் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றாள் அமீனா. நான் கடையில் இருந்த தார்ப்பாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைப் பட்டறைச் சாமான்மேல் விரித்துக் கட்டினாள்.

"உங்களுக்குத்தானம்மா குடுத்தன்" என்றேன்.

"தகரம் நனைஞ்சா துரு ஏறுங்கண்ணா. நாங்க நனைஞ்சா காஞ்சுடுவம்."

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். போலீஸுக்குப் போ என்றார்கள், தர்மபுரியில் வக்கீலைப் பார் என்றார்கள். வக்கீல் வாய்தா வாங்கித் தருவார், மழைக்கு யார் வாய்தா வாங்குவது என்று கேட்டாள். மேலே ஏறி நாமே அடுக்கிவிடலாம் என்று சில பையன்கள் கிளம்பினார்கள். நாட்டு ஓட்டில் பழக்கமில்லாதவன் ஏறினால் அடுக்குகிற ஓட்டைவிட உடைகிற ஓடு அதிகம். போதாததற்கு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கூரையில் கை வைத்தார்கள் என்று தீர்த்தகிரி ஒரு கேஸைக் கட்டிவிடுவார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் முற்பகல், கூரையில்லாத அந்த வீட்டின் பின்னால் ஓலைச் சார்ப்பில் இருந்து புகை வந்தது. களி கிண்டுகிற வாசனை. நோன்பு வீட்டில் பகலில் யாருக்குக் களி என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அமீனா குண்டானைத் தலையில் வைத்து, குழம்புச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"ஓடு மாத்தறவங்களுக்கு மத்தியானச் சோறு. கூரை மூடற வரைக்கும் அது எங்க பொறுப்புதானுங்க."

கருப்பண்ணனும் அவன் ஆட்களும் அன்றைக்கு இருந்தது தீர்த்தகிரி குடியிருந்த வீட்டில். அதுவும் நாட்டு ஓட்டு வீடுதான். இவர்களைச் சும்மா விட்டால் யாராவது கூப்பிட்டுப் பேசி மனசை மாற்றிவிடுவார்கள் என்று, தன் வீட்டு ஓட்டையே மாற்றச் சொல்லி ஏற்றிவிட்டிருந்தார். ஆளும் கண்முன்னால் இருக்கும், வேலையும் நடக்கும் என்று நினைத்திருக்கிறார். நான் கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டு அமீனா பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், பொய் சொல்வானேன்.

அமீனா தீர்த்தகிரி வீட்டு வாசலில் இருந்த வேப்பமர நிழலில் குண்டானை இறக்கி வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே பார்த்து யாரையும் கூப்பிடவில்லை. தீர்த்தகிரியின் மனைவி காவேரி வெளியே வந்து என்ன ஏது என்று கேட்டாள். அந்தம்மாளுக்கு நடந்தது எதுவும் தெரியாது போலிருக்கிறது. அமீனா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை. காவேரி வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அன்றைக்கு முன்பக்கத்துச் சரிவைப் பிரித்தார்கள், காவேரி போட்ட அரிசிச் சோற்றைச் சாப்பிட்டார்கள், பொழுதுக்குள் மூடிவிட்டார்கள். அமீனாவின் குண்டான் பக்கம் ஒருவரும் வரவில்லை. வேலை முடிந்து அவர்கள் ஏணியை எடுக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விடியலுக்கு முன்னால் குடித்த தண்ணீர்தான், வாயெல்லாம் காய்ந்து போயிருந்தது. அப்புறம் குண்டானை எடுத்துக்கொண்டு வந்து, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். எனக்கு அவளைப் பார்க்கவே பொறுக்கவில்லை. இன்னும் எத்தனை நாளம்மா என்று கேட்டேன். கூரையை மூடுகிற வரைக்கும் என்றாள்.

அடுத்த நாள் வானம் கலையவில்லை. காலையில் இருந்தே இருட்டிக்கொண்டு நின்றது. காற்று நின்று புழுங்கியது. அமீனா குண்டானோடு போனாள். நான் மட்டும் இல்லை, அன்றைக்குத் தெருவில் பாதிப் பேர் ஏதோ ஒரு சாக்கில் தீர்த்தகிரி வீட்டுப் பக்கம் நின்றார்கள். மேலே பின்பக்கத்துச் சரிவை முழுக்கப் பிரித்து வைத்திருந்தார்கள். மத்தியானம் இறங்கினார்கள். காவேரி சோற்றுப் பானையைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து வைத்தாள். வேப்பமரத்தடியில் அமீனாவின் குண்டான். நடுவில் கருப்பண்ணன் கை கழுவிவிட்டு நின்றான்.

ராமக்காள்தான் முதலில் நகர்ந்தாள். நேராக வேப்பமரத்தடிக்கு வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் போடுங்கக்கா" என்றாள்.

தீர்த்தகிரி வேகமாக வந்தார். "ராமக்கா, உனக்கு அது என்னாத்துக்கு? நம்ம வூட்டுச் சோறு ஆறுது பாரு."

"உங்க வூட்டுச் சோத்தயும் சாப்பிடுவம், அதுக்கு அப்புறம். அண்ணா, எங்க குடிசயும் உங்க எடத்துலதான் கெடக்குது. அதுக்குப் பயந்துகிட்டுத்தான் இவங்க கூரையப் பிரிச்சுப் போட்டம். ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. நாளைக்கு எங்க குடிசயப் பிரிக்கணும்னா நீங்க யாரக் கூப்புடுவீங்க? இந்த ஊர்ல கூரை பிரிக்கறவங்க நாங்கதான். எங்களத்தான் கூப்புடுவீங்க."

அமீனா இலை போட்டு, களியை உருட்டி வைத்து, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினாள். ராமக்காள் ஒரு வாய் எடுத்து விழுங்கினாள்.

"உப்பு கொஞ்சம் கம்மிக்கா."

"நோன்பும்மா. உப்புப் பாக்க முடியல. இன்னைக்கு எதுத்த கடையிலயும் கொண்டுபோயிக் காட்டல."

என் சம்சாரம் கடையில்தான் இருந்தாள், அமீனா கேட்டிருக்கலாம். அவசரத்தில் விட்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் கருப்பண்ணனுக்கு என்ன ஆயிற்றோ, வந்து ராமக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே தம்பிமார். அமீனா பரிமாறினாள். அவர்கள் குனிந்தபடியே சாப்பிட்டார்கள். கருப்பண்ணன் இன்னோர் உருண்டை கேட்டு வாங்கினான். குண்டானை வழித்துப் போட்டாள்.

தீர்த்தகிரிக்கு அப்போதுதான் தன் வீட்டுக் கூரை ஞாபகம் வந்தது. மேலே பார்த்தார். வரிச்சுக்கு மேலே வானம் கருமையாக நின்றது.

"இந்தக் கூரைய மூடிட்டுப் போ. மழ வருதுடா கருப்பண்ணா."

"ஆமாங்க. அதான் சீக்கிரம் போவணும். மொதல்ல பிரிச்ச கூரைய மொதல்ல மூடணுங்க. இவங்க சோத்தத் தின்னுட்டன்."

"அப்ப உன் குடிசய..." என்று தீர்த்தகிரி ஆரம்பித்தார். காவேரி குறுக்கே வந்தாள். அந்தம்மாள் நாலு பேர் முன்னால் புருஷனிடம் பேசி நான் பார்த்ததில்லை.

"நீங்க சும்மா இருங்க. வாயத் தொறந்தீங்கன்னா நம்ம கூரைய மூட ஆளு வராது."

கருப்பண்ணன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமாக ஓடினான். நாங்களும் ஓடினோம். கொல்லையில் அடுக்கியிருந்த ஓட்டை எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றி ஏணிவரைக்கும் கொடுத்தோம். கூட்ஸ் ஷெட் ஆட்கள் வந்தார்கள், என் சம்சாரம் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள், ஹயாத் பாஷா உடைந்த ஓட்டுக்குப் பதிலாகத் தகரத்தை வெட்டி வளைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ராமக்காள் ஏணியில் நின்று வாங்கினாள், மேலே கருப்பண்ணன் கை ஓயவில்லை. ஒரு பக்கம் மூடியது. மறுபக்கம் பாதி ஏறும்போது தூறல் விழ ஆரம்பித்தது. யாரும் ஒதுங்கவில்லை. முகட்டில் கடைசி ஓட்டைக் கவிழ்த்துவிட்டு அவன் இறங்கவும், மழை சடசடவென்று இறங்கவும் சரியாக இருந்தது.

நாங்கள் எல்லாரும் அந்த முன்னறையில் அடைந்து நின்றோம். நோன்பு திறக்கிற நேரம். அமீனா ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தலையை அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

அந்த மழையில் குடை பிடித்துக்கொண்டு தீர்த்தகிரி வந்தார். கருப்பண்ணனைக் கூப்பிட்டுப் போக வந்திருக்கிறார். குடை காற்றில் மடங்கிப்போய் ஆள் முழுக்க நனைந்திருந்தார். வாசலுக்கு வெளியே தெருவில் நின்றார், படியில் கால் வைக்கவில்லை. கருப்பண்ணன் எழுந்து, ஈர வரிச்சில் கால் நிற்காது, விடிந்ததும் வருகிறோம் என்றான். தீர்த்தகிரி அப்படியே நின்றார். அவர் வீட்டுப் பின்பக்கத்தில் கேழ்வரகு மூட்டை அடுக்கியிருந்தது எனக்குத் தெரியும். காவேரியும் அவரும் முன்பக்கத்துக்கு இழுத்துப் போட்டது போக மிச்சம் நனைந்துகொண்டிருக்கும்.

அமீனா வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்கண்ணா. ஏன் நனையறீங்க? வூடு ஒழுகல."

அவர் படி ஏறி உள்ளே வந்தார். வந்ததும் அவரும் தலையை அண்ணாந்துதான் பார்த்தார். அமீனா நோன்புக் கஞ்சியை ஒரு குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். குடிப்பதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. ஒரு கூரைக்குக் கீழே கையில் வாங்கிய கஞ்சிக்கு என்ன அர்த்தம் என்று அந்த இரண்டு நாளில் அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

"மனுசங்க குடியிருக்கற வூடு ஒண்ணு பாத்துச் சொல்லுங்க, காலி பண்றன்" என்றாள் அமீனா. "கெடைக்கற வரைக்கும் வைகாசியில ஓடு மாத்த ஆளு அனுப்புங்க. சோறு நான் போடறன்."

தீர்த்தகிரி கஞ்சியைக் குடித்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டு, சரி என்றார். மழை கொஞ்சம் விட்டதும் மடங்கிப்போன குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஹயாத் பாஷா அதை அவர் கையில் இருந்து வாங்கி, கம்பியை நிமிர்த்தி, ஒரு துண்டுத் தகரத்தை முறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

பேங்க் வரத்தான் செய்தது. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், அந்தத் தலைவலிக்காரர் வீட்டுக்கு. ரயில் சத்தம் அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது. கருப்பண்ணன் குடிசை வரப்போரத்தில் அப்படியேதான் இருந்தது.

மழை ஓய்ந்த மறுநாள் கருப்பண்ணன் ஆட்கள் தீர்த்தகிரி வீட்டில் ஏறினார்கள். நான் அன்றைக்கும் போனேன். தீர்த்தகிரி காலையில் இருந்து வாசலை விட்டு நகரவில்லை. மத்தியானம் அவர்கள் இறங்கியதும், காவேரியைக் கூப்பிடாமல் அவரே இலை போட்டார், அவரே தண்ணீர் வைத்தார். கருப்பண்ணன் நிதானமாகக் கை கழுவினான். துண்டால் துடைத்தான். மேலே பாதி மூடிய கூரையை ஒரு தடவை பார்த்தான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் சோற்றில் கை வைக்கவில்லை, பக்கத்தில் இருந்த தம்பியிடம் என்னமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தான். தீர்த்தகிரி அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்புடு கருப்பண்ணா" என்றார்.

அவன் முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் தீர்த்தகிரி உட்கார்ந்தார்.